இவ்வீட்டில் காலமானார்

உங்கள் அலுவலகத்தில் பழைய மர ஜன்னல்களை இன்னும் கழற்றி எறியாமல் வைத்திருக்கிறீர்களே, அதற்கே உங்களைப் பாராட்ட வேண்டும். மற்ற இடங்களில் எல்லாம் அலுமினியம் போட்டு மூடிவிட்டார்கள். இடது பக்கக் கொக்கி மட்டும் பிற்காலத்தது. பரவாயில்லை, யார் கண்ணிலும் படாது. என் கண்ணில் பட்டதற்குக் காரணம் என் தொழில். ஓய்வு பெறும்வரை அச்சகத்தில் பிழை திருத்துபவனாக இருந்தேன். ஒரு தவறு அச்சில் ஏறிவிட்டால் அது எனக்குக் காலில் தைத்த முள் மாதிரி. எடுக்கிற வரைக்கும் நடக்க முடியாது. இன்று நான் வந்திருப்பதும் ஒரு தவறைத் திருத்தத்தான். யாரும் என்னைப் பிடித்துக்கொண்டு வரவில்லை, நானாகவே வந்தேன் என்று முதலிலேயே எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். உங்கள் எழுத்தர் அவசரப்பட வேண்டாம். நான் காத்திருக்கிறேன்.

நான் ஊர் வரலாற்றுச் சங்கத்தின் செயலாளர். சங்கம் என்றதும் பெரிய கூட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நூலகத்து மாடியில், மின்விசிறிக்கு அடியில் நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருவோம். தலைவி ஓய்வு பெற்ற தலைமையாசிரியை. நாங்கள் எல்லாம் பேரன் பேத்தி எடுத்தவர்கள், ஆனாலும் எழுந்து வெளியே போக அவரிடம் கையைத் தூக்கி அனுமதி கேட்போம். அடுத்தது நீதிமன்றத்தில் குமாஸ்தாவாக இருந்த ஒருவர். யார் என்ன சொன்னாலும் "ஆதாரம்?" என்பார். ஆதாரம் என்பதே அவருக்குப் பெயராகிவிட்டது. பிறந்தநாள் வாழ்த்துச் சொன்னவரிடமும் அதையே கேட்டார் என்று ஒரு பேச்சு உண்டு. அன்றைக்கு நான் அங்கே இல்லை, அதனால் அதை எழுத வேண்டாம்.

இன்னொருவர் பல் டாக்டர். எனக்கு அடுத்த வீட்டுக்காரர். முன்னறையில் கிளினிக், பின்னால் குடித்தனம். வரலாற்றில் ஆர்வம் என்று சொல்லிப் போன வருடம்தான் சங்கத்தில் சேர்ந்தார். கூட்டத்தில் யாராவது சிரித்தால் அவர் நகைச்சுவையைக் கவனிக்க மாட்டார், கடைவாயைத்தான் கவனிப்பார்.

எங்கள் முக்கியமான வேலை பலகை வைப்பது. நீங்கள் பார்த்திருப்பீர்கள், சில வீடுகளின் வாசல் சுவரில் பித்தளைப் பலகை இருக்கும். இன்னார் இங்கே பிறந்தார், இன்னார் இங்கே வாழ்ந்தார் என்று. அதற்கான விதிகளை எழுதியவன் நான். பேர் பெற்ற ஒருவர் அந்த வீட்டில் பிறந்திருக்க வேண்டும். அல்லது பத்து வருடமாவது வாழ்ந்திருக்க வேண்டும். அல்லது காலமாகியிருக்க வேண்டும். கடலில் நீந்திப் பரிசு வாங்கிய ஒருவர் சொந்தக்காரர் வீட்டுக்கு விருந்துக்கு வந்த இடத்தில் குளியலறையில் வழுக்கி விழுந்து போய்ச் சேர்ந்தார். அவர் அந்த வீட்டில் இருந்தது அரை நாள். பலகை வைத்தோம். விதி என்றால் விதிதான்.

போன வருடக் கடைசியில் எங்கள் தெருவை அகலப்படுத்த நகராட்சி முடிவு செய்தது. வந்து சுவரில் எல்லாம் சிவப்புக் கோடு போட்டுவிட்டுப் போனார்கள். என் வீட்டில் முன்கூடம் போகிறது, பல் டாக்டருக்குக் கிளினிக் போகிறது. தலைவி நேராக ஆணையரைப் போய்ப் பார்த்தார். ஆணையர் சின்ன வயதில் தலைவியிடம் படித்தவர். பேச்சுவார்த்தை என்று ஒன்றும் நடக்கவில்லை. தலைவி மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார், ஆணையர் எழுந்து நின்றார். சங்கத்தின் பலகை இருக்கிற வீட்டில் ஒரு செங்கலைக்கூடத் தொடமாட்டோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

என் வீடு அப்பா கட்டியது. அதில் பேர் பெற்ற யாரும் பிறக்கவில்லை. நான்தான் பிறந்தேன்.

என் மனைவி அந்தச் சிவப்புக் கோட்டைப் பார்த்துச் சிரித்தாள். "நல்லதாப் போச்சுங்க. இந்தப் படியில ஏறி இறங்கியே என் முட்டி தேஞ்சு போச்சு. இடிச்சா இடிச்சுட்டுப் போகட்டும். தங்கச்சி வீட்டுப் பக்கமா லிப்ட் இருக்கிற வீடாப் பார்த்துப் போயிடலாம்" என்றாள். எனக்கு மனக்கஷ்டம் வரக் கூடாது என்று அப்படிப் பேசினாள். கல்யாணமான நாளிலிருந்தே அவள் அப்படித்தான், தன் ஆசையை வாய்விட்டுச் சொல்லமாட்டாள். இதே பேச்சை அவள் பல வருடமாகப் பேசிவருகிறாள் என்பதிலிருந்தே அவள் அந்த வீட்டின் மேல் எவ்வளவு உயிராக இருக்கிறாள் என்று புரிந்துகொள்ளலாம். நான் செய்தது முழுக்க முழுக்க அவளுக்காக. இதைத் தனி வரியில் எழுதினால் நல்லது.

முதலில் நேர்வழியில்தான் முயற்சி செய்தேன். என் சின்ன வயதில் ஒரு பெரிய மல்யுத்த வீரர் எங்கள் வாசலில் நின்று வழி கேட்டார், தண்ணீரும் வாங்கிக் குடித்தார். அதைக் கூட்டத்தில் சொன்னேன்.

"தண்ணி குடிச்சதுக்கெல்லாம் பலகைன்னா, ஊர்ல இருக்கிற குழாய் எல்லாத்துக்கும் வைக்கணுமே" என்றார் ஆதாரம். எல்லோரும் சிரித்தார்கள். பல் டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை, பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து, நான் எழுதிய விதிகளை நானே மறுபடி படித்தேன். பேர் பெற்ற ஒருவரை இனிமேல் என் வீட்டில் பிறக்க வைக்க முடியாது. பத்து வருடம் குடிவைக்க நகராட்சி விடாது. பாக்கி இருந்தது ஒன்றுதான்.

இப்போது பாலம் ஐயாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம் ஊர் ஆற்றுக்குப் பாலம் கட்டிய பொறியாளர். அவர் கட்டுகிறவரை அக்கரைக்குப் போக வேண்டுமானால் படகுக்குக் காத்துக் கிடப்போம். எண்பது தாண்டியவர். மனைவி இல்லை, மகன் வேறு ஊரில். இதயத்தில் கோளாறு, நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்கும், மாடிப்படி ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவரை நான் தேர்ந்தெடுத்தேன் என்று எழுதிவிடாதீர்கள். அவருடைய வீட்டில் கூரையைப் பிரித்து வேலை நடந்துகொண்டிருந்தது, தூசியில் இருமிக்கொண்டிருந்தார். பார்க்கப் பாவமாக இருந்தது.

"வேலை முடியிற வரைக்கும் நம்ம வீட்டுல வந்து இருங்க ஐயா" என்றேன்.

"உனக்கு எதுக்குத் தம்பி சிரமம்?"

"சிரமமா? எங்க வீட்டுக்கு அதைவிடப் பெரிய கௌரவம் உண்டா?"

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான். நான் அதைப் பொய்யாகச் சொல்லவில்லை.

மாடி அறையைக் கொடுத்தேன். வெளிச்சம் நன்றாக வரும், ஆற்றுப் பக்கம் பார்த்த ஜன்னல். படி கொஞ்சம் செங்குத்து, அவ்வளவுதான். நான் எதுவும் செய்வதாக நினைக்கவே இல்லை. அவருடைய வயது, அவருடைய இதயம், அந்தப் படி, இந்த மூன்றும் தங்களுக்குள் பேசி ஒரு முடிவுக்கு வரும் என்று விட்டுவிட்டேன்.

மனிதர் தேறிவிட்டார். ஒரு நாளைக்கு நாலு தடவை படியேறி இறங்கினதில் கால் உரமாகிவிட்டது, மூச்சு வாங்குவது நின்றது. மாடி அறையில் ஈரம் இறங்கும் என்று நான் நம்பியிருந்தேன், அந்தக் குளிர்ச்சிதான் தன் தோலுக்கு ஒத்துக்கொண்டது என்றார். என் மனைவி சமைத்துப் போட்டதில் கன்னம் உப்பி, குத்துக்கல் மாதிரி ஆகிவிட்டார். என் மனைவியைத் தங்கச்சி என்று கூப்பிட ஆரம்பித்தார், மாலையில் இரண்டு பேரும் சீட்டாட ஆரம்பித்தார்கள். அவர் ஏமாற்றுவார், இவள் கண்டுபிடிப்பாள். "ஐயா, கட்டைவிரலுக்கு அடியில என்ன ஒளிச்சு வச்சிருக்கீங்க?" "அது ரேகைம்மா." சமையலறை வரை சிரிப்புச் சத்தம் கேட்கும். எங்கள் வீட்டில் அப்படிச் சிரிப்பு கேட்டு எத்தனை காலம் ஆயிற்று என்று எனக்கு ஞாபகமில்லை. அவருடைய முதுகுக்கு வைத்துக்கொள்ள என் மனைவி ஒரு சின்னத் தலையணை தைத்துக் கொடுத்தாள், ஓரத்தில் ஒரு பாலத்தை நூலால் போட்டு. முட்டி வலியை அவள் மறந்தே போயிருந்தாள். இதெல்லாம் எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது என்று நீங்கள் நினைக்கலாம். இல்லை. வேலை கெடுகிறதே என்ற கவலை மட்டும்தான்.

பொறியாளர் என்பதால் கையும் சும்மா இருக்காது. என் வீட்டை ஒரு வாரத்தில் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டார். ஒரு நாள் மாடிப்படியில் நின்றுகொண்டு கூப்பிட்டார்.

"தம்பி, இந்தக் கைப்பிடி ஆடுது. இது உங்க அப்பா காலத்து ஸ்க்ரூ. துருப்பிடிச்சுப் போச்சு. தங்கச்சி முட்டி வலியோட இதைப் பிடிச்சுக்கிட்டுத்தானே இறங்குது? விழுந்து வைக்கப் போகுது."

தானே கடைக்கு நடந்து போய் நாலு பித்தளை ஸ்க்ரூ வாங்கிவந்தார். படியில் உட்கார்ந்து, சுவரில் மரக்கட்டை அடித்து, கைப்பிடியைத் தாங்குகிற கீழ்க் கிளாம்பை வைத்து முறுக்கினார். முடித்த பிறகு கைப்பிடியில் தன் முழு எடையையும் போட்டுத் தொங்கிக் காட்டினார். "யானையைக் கட்டலாம்" என்றார். என் மனைவி கைதட்டினாள்.

மறுவாரம் மகன் போன் பண்ணினான். கூரை வேலை முடிந்துவிட்டது, ஞாயிற்றுக்கிழமை காலை கார் வரும் என்று. ஐயா சின்னப் பையன் மாதிரி பையை எடுத்து அடுக்க ஆரம்பித்தார். அதே வாரம்தான் நகராட்சியிலிருந்தும் ஆள் வந்து, அடுத்த மாதம் இடிக்கிறோம், சாமான்களை எடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனான். என் நிலைமையை நீங்களே யோசித்துப் பாருங்கள்.

கைப்பிடியைப் பொறுத்தவரை, நான் புதிதாக எதையும் செய்யவில்லை. அது முன்பு எப்படி இருந்ததோ அப்படி வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை அவர் குளித்துக்கொண்டிருந்தபோது, கீழ்க் கிளாம்பிலிருந்து நாலு ஸ்க்ரூவையும் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். பார்த்தால் தெரியாது. வேறு யாராக இருந்தாலும் பிடிப்பதற்கு முன்னால் ஆட்டிப் பார்ப்பார்கள். இவர் பார்க்கமாட்டார் என்று எனக்குத் தெரியும். தான் கைவைத்து முடித்த வேலையைச் சந்தேகப்படுகிற ஆள் இல்லை அவர்.

என் மனைவி அவருக்கு வழிக்குப் பழம் வாங்கக் கடைக்குப் போயிருந்தாள். அவர் ஒரு கையில் பையும், அக்குளில் அந்தத் தலையணையுமாகப் படிக்கு வந்தார். "பையைக் குடுங்க ஐயா, நான் எடுத்துக்கறேன்" என்று கீழேயிருந்து சொன்னேன். சொன்னேனா இல்லையா என்று நாளைக்கு யாராவது கேட்டால், சொன்னேன்.

"எதுக்குத் தம்பி, அதான் கைப்பிடி இருக்குல்ல" என்றார்.

விழுந்த பிறகு அவர் என்னைப் பார்க்கவில்லை. கைப்பிடியைப் பார்த்தார். ஒரு முனை சுவரைவிட்டு வந்து தொங்கிக்கொண்டிருந்தது. ரொம்ப மெதுவாகக் கேட்டார்: "நான் சரியா இறுக்கலையா தம்பி?"

அவர் மறுபடி கேட்டார். "தங்கச்சி பிடிச்சிருந்தா என்ன ஆயிருக்கும்? இறுக்கித்தானே வச்சேன்?"

அதற்குள் வாசல் கேட் திறக்கிற சத்தம் கேட்டது. அவருக்கு மூச்சு இருந்தது. அதுதான் சிக்கல். என் மனைவி வந்தால் ஆம்புலன்ஸைக் கூப்பிடுவாள், வழியில் உயிர் போனால் காலமான இடம் ஆம்புலன்ஸ், அங்கே கொண்டுபோன பிறகு போனால் ஆஸ்பத்திரி. ஆஸ்பத்திரிக்குப் பலகை எதற்கு? தலையணை பக்கத்திலேயே கிடந்தது. அவள் செருப்பைக் கழற்றிவிட்டுப் பழக்கூடையை வைத்துவிட்டு உள்ளே வர எவ்வளவு நேரம் ஆகுமோ, அது போதுமானதாக இருந்தது. அவரிடம் பலமே இல்லை. பாலம் போட்ட பக்கம் மேலே இருக்கும்படி பிடித்திருந்தேன் என்று ஞாபகம்.

அதற்குப் பிறகு நடந்தது எதுவும் என் கையில் இல்லை. என் மனைவி போட்ட கூச்சலில் பல் டாக்டர் ஓடிவந்தார், கையுறையோடு. பின்னாலேயே அவருடைய நோயாளி, வாயில் பஞ்சோடு. நான் சொல்வதைக் கேட்காமல் ஐயாவைத் தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்கள். பல் பிடுங்குகிற நாற்காலியில் படுக்கவைத்து, பெடலை மிதித்துச் சாய்த்து, விளக்கைப் போட்டு, மார்பில் கையை வைத்து அமுக்கினார்கள். கொஞ்ச நேரம் கழித்துப் பல் டாக்டர் வெளியே வந்து தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார். தன் நாற்காலியில்தான் உயிர் பிரிந்தது என்றார். ஐயா இவர் கையைப் பிடித்தாராம். கடைசியாக "பாலம்" என்று ஒரு வார்த்தை சொன்னாராம்.

ஒரு மனிதர் போய்ச் சேர்ந்து ஒரு சுவரைத் தாண்டின பிறகு பேசினார் என்று நாலு பேர் முன்னால் சொல்கிறார், வாய் கூசவில்லை. எனக்கு நெஞ்சு பதறிவிட்டது. வரலாற்றை மதிக்கிறவன் செய்கிற காரியமா அது?

வயதானவர், பழைய வீடு, பழைய கைப்பிடி என்று எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். அடுத்த கூட்டத்திலேயே தீர்மானம் வந்தது. பாலம் ஐயா காலமான இடத்தில் பலகை. பல் டாக்டர் வீட்டில்.

நான் எழுந்தேன். "மன்னிக்கணும். அவர் எங்க வீட்டுப் படிக்குக் கீழதான் போனார்."

"ஆதாரம்?" என்றார் ஆதாரம்.

"நான் பக்கத்துலயே இருந்தேன்."

"நீங்க டாக்டரா?"

"இவர் மட்டும் என்ன? பல்லுக்குத்தானே டாக்டர்?"

தலைவி மேஜையைத் தட்டினார். "மூச்சு நின்னுடுச்சுன்னு உங்களுக்கு எப்படி அவ்வளவு உறுதியாத் தெரியும்? அதைச் சொல்லுங்க, எழுதிக்கலாம்" என்றார். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். ஆதாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாயை மூடி உட்காருவது எவ்வளவு கொடுமை என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

பலகை வந்துவிட்டது. பல் டாக்டர் வீட்டுச் சுவரில் சிவப்புக் கோட்டை அழித்து வெள்ளையடித்துவிட்டார்கள். அவர் வீட்டைத் தொடக் கூடாது என்பதால் சாலையைக் கொஞ்சம் வளைக்கிறார்கள். வளைத்ததில் என் வீட்டில் முன்கூடத்தோடு மாடிப்படியும் போகிறது. பல் பிடுங்க வருகிறவர்கள் அந்தப் பலகைக்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள், வீங்கின கன்னத்தோடு.

என் மனைவியா? அவள் தங்கை வீட்டில் இருக்கிறாள். அன்றைக்குப் பிறகு ஆணியில் மாட்டியே வைத்திருந்த சட்டையைப் போன வாரம்தான் துவைக்கப் போட்டேன், அதன் பையில் அந்த நாலு ஸ்க்ரூவும் இருந்திருக்கிறது. நான் எடுத்துவைக்க மறந்துவிட்டேன். நான் காப்பி குடிக்க உட்கார்ந்தபோது, ஒரு சின்னக் கிண்ணத்தில் அவற்றைப் போட்டு என் முன்னால் வைத்தாள். துடைத்துத்தான் வைத்திருந்தாள், பளபளவென்று இருந்தன. பையை எடுத்துக்கொண்டு, அந்தப் படியை ஒரு தடவை பார்த்துவிட்டு, சாவியை மேஜை மேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள். பையில் இருப்பதை எடுக்காமல் துணியைத் துவைக்கப் போட்டால் அவளுக்கு எப்போதும் கோபம் வரும். போன் செய்தேன், எடுக்கவில்லை. கோபம் ஆறினதும் வந்துவிடுவாள்.

இதோ, அந்த நாலு ஸ்க்ரூ. கிண்ணத்தோடு கொண்டுவந்திருக்கிறேன். கிண்ணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், அது ஒரு செட். தலையணை மாடி அறை அலமாரியில் இருக்கிறது. பல் டாக்டரை நீங்கள் கொஞ்சம் அழுத்திக் கேட்டால் அந்தக் கடைசி வார்த்தை எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுவார்.

ஆகவே, பாலம் ஐயா என் வீட்டில், என் மாடிப்படிக்குக் கீழே, என் கையால் காலமானார். இதில் அடித்தல் திருத்தல் எதுவும் வேண்டாம். முடிந்ததும் எனக்கு முத்திரை குத்திய பிரதி ஒன்று தேவை. ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டம் இருக்கிறது. என்னால் போக முடியாது என்று தெரியும், யார் மூலமாகவாவது ஆதாரத்திடம் சேர்த்துவிடுங்கள். நகராட்சி ஆட்கள் செவ்வாய்க்கிழமை வருகிறார்கள். நேரம் இருக்கிறது. பலகையில் என் பெயர் வேண்டாம், நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை. எழுத்து என்ன அளவில் வரும் என்று பார்த்தேன், கீழே ஒரு வரிக்கு இடம் இருக்கிறது. அது அவர்கள் விருப்பம்.

ஐயா கேட்டதற்கு நான் பதில் சொல்லியிருக்கலாம் என்று இரண்டொரு தடவை தோன்றியது. சரியாகத்தான் இறுக்கியிருந்தீர்கள் என்று. அதை இப்போது எழுதிக்கொள்ளுங்கள், அதுவும் ஒரு திருத்தம்தான். அவர் படிக்கமாட்டார், இருந்தாலும்.

உங்கள் எழுத்தர் பேனாவை வைத்துவிட்டு ஏதோ கேட்க நினைக்கிறார். கேளுங்கள். ஓ, அதுவா. பலகை வந்தாலும் இனி அந்த வீட்டில் யார் இருக்கப்போகிறார்கள் என்று. நல்ல கேள்வி. நானும் யோசித்தேன், விதிகளையும் ஒரு தடவை முழுக்கப் படித்துப் பார்த்துவிட்டேன். வீட்டில் ஆள் இருந்தாக வேண்டும் என்று எங்கேயும் இல்லை.